இரண்டு விரற்கடை

"அதை அசைக்க முடியாதுங்க" என்றான் அவன். அதற்குள் மூன்று பேர் மீன் தொட்டி மேசையின் அடியில் கையைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார், கூடத்தில் இடம் பண்ண வேண்டும். சோபா மாடிப்படி ஓரத்துக்குப் போயாயிற்று. டிவி படுக்கையறைக்குப் போயாயிற்று. தொட்டி மட்டும் தண்ணீரும் கூழாங்கல்லுமாக ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போகும் என்றதும் மூவரும் சூடு பட்டவர்கள் போலக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"இருக்கட்டும் தம்பி. அவருக்கும் அது பக்கத்துல இருந்தாதான் நிம்மதி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் அப்பாவைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். வாசலில் பேப்பர் எடுக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறார். அப்பா தொட்டிக்கு எதிரே தன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தாராம். மீனைப் பார்த்தபடியே கண் அசந்துவிட்டார் என்று நினைத்து, இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தோளைத் தொட்டாராம். உடம்பு சில்லிட்டிருந்ததாம். வருகிறவர்களுக்கெல்லாம் இதை முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கும் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை கூடிக்கொண்டே போனது.

அவன் தொட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பாமல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டான். ஒரே ஒரு முறை பார்த்தது போதும். தண்ணீர் இறங்கியிருந்தது.

அக்கா பகல் ரயிலில் வந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுது ஓய்ந்ததும், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கடைசியா எப்படா பேசுன அப்பாகிட்ட?"

"ஞாயித்துக்கிழமை" என்றான்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. பேசியது நேற்று சாயங்காலம். சோபாவில் கால் நீட்டி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "தண்ணி இறங்குதுடா, ஒரு எட்டு வந்து பாரேன்" என்றார் அப்பா. அதெல்லாம் தானாக ஏறும், பேசாமல் விடுங்கள் என்றான் அவன். "ஏறலையே" என்றார். வேலையில் இருக்கிறேன், ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது என்று கூசாமல் அளந்துவிட்டான். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல இதைவிட வசதியான தொழில் கிடையாது. எந்த நேரத்திலும் எங்காவது ஒரு லிஃப்ட் நிற்கலாம். "ஐயோ, முதல்ல அவங்களை இறக்குடா. நாளைக்கு வந்தா போதும்" என்று அப்பா அவசர அவசரமாகப் போனை வைத்துவிட்டார். பத்து நிமிட நடைதான் அந்த வீடு.

"நீயாவது பக்கத்துல இருந்தியேடா, அந்த மட்டும் சரி" என்றாள் அக்கா. அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

தண்ணீரைத் தானாக ஏற்றும் அந்தக் கருவியை மாட்டியவன் அவன்தான். அம்மா போன பிறகு அப்பா வாங்கிய தொட்டி அது. மேல்மூடி இல்லாதது. மீன்கள் மேலே வந்து விரலைக் கொத்துவது அப்பாவுக்குப் பிடிக்கும், அதனால் மூடி போட விடமாட்டார். திறந்த தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். அப்பாவுக்கு முழங்கால் வலி, தண்ணீர் சுமந்து வர முடியாது. ஆகவே வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவன் தினமும் ஏறி வந்து ஒரு ஜக்குத் தண்ணீர் ஊற்றுவான். ஊற்றுவதற்கு ஒரு நிமிடம்தான். ஆனால் அப்பா டீ போட்டு வைத்திருப்பார். ஆரஞ்சு மீன் கறுப்பு மீனை எப்படி விரட்டியது, நத்தை எத்தனை முட்டை போட்டது என்று பேச்சு நீளும். வீட்டுக்குப் போகத் தாமதமாகிறது என்று மனைவி முணுமுணுப்பாள். அவனுக்குமே அலுப்பாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மேசைக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய பெரிய கேன், அதற்குள் ஒரு சின்ன மோட்டார். தொட்டியின் உள்சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மிதவை. மட்டம் குறைந்தால் மிதவை தாழும், மோட்டார் ஓடும். நிரம்பினால் தானே நின்றுவிடும். லிஃப்டில் இல்லாத சூட்சுமமா இதில்? ஒரு விடுமுறை நாளில் மாட்டி முடித்தான். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இனிமே தினம் ஊத்த வேண்டாமா?"

"வேண்டாம்பா. மாசம் ஒரு தடவை நான் வந்து கேனை ரொப்பிட்டாப் போதும்."

டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் சுவரிலேயே நின்றது. "நல்லதுதான். உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார் அப்பா. மறுநாளே எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டி, வாய் நிறையப் பெருமை பேசியிருக்கிறார். முதலில் அவன் வாரம் ஒரு முறை வந்தான். பிறகு கேன் காலியாகும்போது மட்டும் வந்தான்.

எல்லாம் முடிந்து அப்பா இல்லாமல் வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டிருந்தது. உறவினர்கள் கலைந்தார்கள். அக்காவும் எதிர்வீட்டுக்காரரும் அவனும் மிச்சமிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேச்சு, எப்படியும் அங்கேதான் வரும், அப்பாவின் உண்மைக்கு வந்தது. லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர் அவர். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் தராசு.

"பிடிக்காத ஆள் போன் பண்ணா என்ன செய்வார் தெரியுமா?" என்று அக்கா எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னாள். "எங்களை எடுக்கச் சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வாசலுக்கு வெளிய போய் நிப்பார். அப்புறம் அங்கேருந்து சைகை காட்டுவார், இப்ப சொல்லு, வீட்டுல இல்லன்னு."

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்தாள். எதிர்வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு, எழுந்து தொட்டியின் முன்னால் போய் நின்றார்.

"ஆனா பிடிவாதக்காரர்மா. தண்ணி இவ்வளவு குறைஞ்சிருக்கே, நான் ஒரு ஜக்கு ஊத்தட்டுமான்னு முந்தாநாள்கூடக் கேட்டேன். தொடாதீங்க, பையன் வருவான்னுட்டார். கருவி கெட்டுப்போச்சு போலிருக்கு தம்பி."

அவர் போன பிறகு அவன் எழுந்தான். இனிப் பார்க்காமல் இருக்க முடியாது. மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்திருக்கும், அல்லது பாசி பிடித்துச் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி இருந்தால் தேவலை என்றும் இருந்தது. மிதவை வழுவழுவென்று இறங்கி ஏறியது. கேனில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. தரையில் முட்டி போட்டு மேசைக்கு அடியில் குனிந்தான்.

மூன்று பிளக்குகளில் இரண்டு செருகியபடி இருந்தன. விளக்கும், காற்றுக் குமிழி விடும் மோட்டாரும். மூன்றாவது பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. கால் தட்டிக் கழன்றதில்லை. வயர் வளைய வளையமாகச் சுற்றப்பட்டு, அப்பா எல்லாவற்றுக்கும் போடுவாரே, அந்த ரப்பர் பேண்டு போடப்பட்டு, ஈரம் படாமல் ஒரு செங்கல்லின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

முட்டி வலிக்கிற மனிதர் இதற்காக எப்படிக் குனிந்தாரோ.

கருவி ஓடவில்லை என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அவன் வந்திருப்பான், அல்லது வராமலும் இருந்திருப்பான். ஆனால் ஓடுகிற கருவியை ஓடவில்லை என்று அப்பாவால் சொல்ல முடியாது. அதனால் அதை நிறுத்திவிட்டு, தண்ணீர் தானாகக் குறையட்டும் என்று எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய மட்டத்தில் உப்புப் படிந்த வெள்ளைக் கோடு கண்ணாடியைச் சுற்றிலும் தெளிவாக இருந்தது. இந்த அளவு இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சொன்னால் பொய்யாகாத அளவுக்கு இறங்கிய பிறகுதான் போனை எடுத்திருக்கிறார். அந்த மனிதரிடம் போய், லிஃப்டில் ஆள் மாட்டியிருக்கிறது என்றான் அவன். அவர் நம்பினார். அந்த ஆட்களுக்காகக் கவலைப்பட்டு விட்டுக்கொடுத்தார்.

அவன் பிளக்கைத் தொடவில்லை. சமையலறைக்குப் போய், குளோரின் போகட்டும் என்று அப்பா எப்போதும் குழாயடியிலேயே பிடித்து வைக்கும் வாளியிலிருந்து ஒரு ஜக்கு மொண்டுகொண்டு வந்தான். வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது, அவனுக்காக.

"கருவியைச் சரிபண்ணா தானா ஏறுமேடா?" என்றாள் அக்கா.

அவன் ஜக்கை மேசையில் வைத்தான்.

"நேத்து சாயங்காலம் அப்பா கூப்பிட்டாரு அக்கா. தண்ணி இறங்குது, வந்து பாருன்னாரு. நான் வேலையில இருக்கேன்னேன்." ஜக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "வீட்டுலதான் இருந்தேன்."

அக்கா எழுந்து வந்து அவன் பக்கத்தில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். சுற்றி வைத்த வயரையும் ரப்பர் பேண்டையும் வெகுநேரம் பார்த்தாள். அவளும் அதே அப்பாவின் பெண்தான், விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தன் இரண்டு விரல்களைப் படுக்கவைத்தாள். சரியாகப் பொருந்தின. விரல்களைக் கண்டு ஆரஞ்சு மீன் மேலே வந்து, கண்ணாடிக்கு உள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.