தடிக்கு உரிமம்

மூன்றாவது முறை எண்ணியும் சீப்புச் சின்னம் ஒரே ஓட்டில் ஜெயித்தது. கரண்டிச் சின்னக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நகராட்சி அலுவலகத்தின் முன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் தடியோடு கூடினார்கள். தேர்தல் அதிகாரி கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

நாய்களுக்கு உரிமம் கொடுக்கும் எழுத்தர் சன்னல் வழியாகப் பார்த்தாள். சீப்புப் பக்கம் அவள் அண்ணன். கரண்டிப் பக்கம் அவள் கணவன். போன தேர்தலிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"தடி வச்சிருக்கவங்க உரிமம் வாங்கணும். உரிமம் இல்லாத தடி செல்லாது."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"எதுக்குச் செல்லாது?"

"எதுக்குமே செல்லாது."

"அவனுங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான். வரிசையில வாங்க."

வரிசை என்றதும் இடம் பிடிக்க ஓடினார்கள். யாருக்குப் பின்னால் யார் என்று பார்க்க நேரமில்லை. இரண்டு கூட்டமும் ஒரே வரிசையானது.

நாய்ப் படிவத்தில் 'நாய்' என்பதை அடித்துத் 'தடி' என்று எழுதிக் கொடுத்தாள். நிறம். வயது. கட்டிப்போட்டு வளர்க்கிறீர்களா. அடியில் தன் கையால் ஒன்று சேர்த்தாள்: எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து.

அண்ணன்தான் முதலில் வந்தான். சாட்சி இல்லையென்று திருப்பிக் கொடுத்தாள்.

"உன் கூடப்பிறந்தவன்டி நான்."

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லண்ணா."

அண்ணன் திரும்பினான். பின்னால் நின்றது அவள் கணவன்.

"மாப்பிள்ளை, ஒரு கையெழுத்து."

கணவன் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தான்.

"இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லைனு போட்டிருக்கீங்க. அப்ப என் தோள்பட்டை?"

"அது வேற தடி. சத்தியமா இது புதுசு."

அவள் முத்திரைக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கணவன் தடியைத் தட்டிப் பார்த்தான். வளைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். பிறகு தன் படிவத்தை நீட்டினான். அண்ணனும் போட்டான்.

இரண்டிலும் முத்திரை குத்தினாள். சன்னலைச் சாத்தினாள்.

"நேரமாச்சு. மத்தவங்க திங்கட்கிழமை வாங்க."

வரிசை முணுமுணுத்தது. "எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று ஒருவன் கேட்டான். உரிமம் இல்லாத தடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

வாசலில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"சட்டப்படி அடிச்சுக்கலாம்னா இப்ப நாம ரெண்டு பேருதான்" என்றான் அண்ணன்.

"பாக்க ஆள் இல்லையே மச்சான்."

அண்ணன் தெருவைப் பார்த்தான்.

"ஆமா. கை வலிக்கிறதுதான் மிச்சம்."