அம்மா கட்டாத சாப்பாடு

தேவாலயக் கூடத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த டோரீன் அந்தத் தட்டை மூன்றாவது முறையாக இங்காவின் முன்னால் நகர்த்தி வைத்தார். வெண்ணெய் தடவிய பன், நடுவில் ஹாம், ஓரத்தில் உருளைக்கிழங்கு சாலட்.

"பன்னுக்குள்ள பன்னிக்கறிதான் கண்ணு இருக்கு. கடலை ஒண்ணும் இல்ல. நானே பண்ணினது."

இங்காவுக்கு எட்டு வயது. கடலை அவள் உடம்புக்கு ஆகாது; துளி பட்டாலும் மூச்சு அடைத்துவிடும். வேண்டாம், தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு கோட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள்.

அப்பா ஆர்லன் எதிரில் உட்கார்ந்திருந்தான். மனைவி மாரிட்டைப் புதைத்துவிட்டு வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மகள் டோரீனுக்குப் பின்னால் எதையோ பார்ப்பதைக் கண்டு அவனும் பார்த்தான். நீள மேசையில் ஒரு பெண், கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்த்துச் செய்த கட்டிகளைச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அது இல்லாமல் யாரையும் அடக்கம் செய்வதில்லை. அவள் கத்தியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு அதே கத்தியால் பன்களைப் பிளந்தாள்.

அண்ணன் லைல் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மாரிட் இருந்திருந்தா இந்நேரம் அந்தக் கத்திய பிடுங்கிட்டு, பாதிரியாரையும் ஒரு தடவை கை கழுவ வச்சிருப்பா" என்றான். ஆர்லன் சிரித்தான். அவன் சிரித்ததை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாரிட்டின் விதி சிறியது. நான் கட்டிக் கொடுக்காத எதுவும் உன் வாய்க்குள் போகக்கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போனபோது, ஆர்லனின் நண்பன் ஒருவன் இங்காவிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினான். அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது, சாப்பிடு என்றான் ஆர்லன். மூச்சுத் திணறிய மகளோடு மருத்துவமனைக்கு முப்பது மைல் வண்டி ஓட்டினான். அதன்பிறகு ஏரிக்குப் போகும்போதும் மாரிட்டே சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கடைசியாகக் கட்டிக் கொடுத்த டப்பாவை இங்கா பன்னிரண்டு மணிக்குப் பள்ளியில் திறந்து சாப்பிட்டாள். பதினொன்றரைக்கே மாரிட்டின் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்று முதல் இங்கா சாப்பிட்டவை: தோலுள்ள பழங்கள், தானே உரித்த அவித்த முட்டை, மூடி திறக்காத பால். ஆர்லன் சமைத்த எதையும் தொடவில்லை. கோபமில்லாமல், பசிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். கன்னம் ஒட்டத் தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன் என்றாள்.

திங்கள் காலை, சமையலறை மேடையில் துக்கத்துக்கு ஊரார் சமைத்துக் கொடுத்த பாத்திரங்கள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய டேப். ஆர்லன் இடம் ஒதுக்கி ரொட்டியை வைத்தான். வான்கோழிக்கறி, சீஸ், லெட்டூஸ். குறுக்காக வெட்டி முக்கோணமாக்கினான். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கினான். உறைய வைத்த பனிப்பையை அடியில் வைத்து டப்பாவை மூடி, இங்காவின் பைக்குள் போட்டான். அவள் தடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து வர ஐந்து நிமிடம் இருந்தது.

கத்தியைக் கழுவ எடுத்தபோதுதான் நினைவு வந்தது. நேற்று மாலை டோரீன் கொடுத்தனுப்பிய கடலை வெண்ணெய்க் கட்டியில் ஒரு துண்டை நின்றுகொண்டே வெட்டித் தின்றிருந்தான். இதே கத்தி. குழாயில் காட்டியதாக ஞாபகம்.

எப்படியும் அவள் அந்த டப்பாவைத் திறக்கப் போவதில்லை. சொல்லாமல் விட்டால் அது அப்படியே திரும்பி வரும். சொன்னால் இனி ஒருபோதும் அவன் கையால் சாப்பிட மாட்டாள்.

"இங்கா, பையைக் குடு."

"ஏன்?"

"நேத்து டோரீன் குடுத்த கட்டிய இந்தக் கத்தியாலதான் வெட்டினேன். தண்ணியில காட்டினேன். ஒழுங்கா கழுவினேனான்னு தெரியல."

"அதுல கடலை இருக்கா?"

"இருக்கு."

"ஏன் வீட்டுக்குள்ள விட்ட?"

டப்பாவை எடுத்து அப்படியே குப்பையில் போட்டான். மீதி ரொட்டி, வெட்டும் பலகை, கத்தி எல்லாவற்றையும் போட்டான். டேப் ஒட்டிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வண்டிக் கொட்டகையில் வைத்தான். அவன் நான்காவது தடவை உள்ளே வந்தபோது பேருந்து நின்று, காத்திருந்து, போய்விட்டிருந்தது. இங்கா பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.

அவன் மேடையிலிருந்த, கை சுத்தம் செய்யும் ஜெல்லைக் கையில் பிதுக்கினான்.

"அது கிருமிக்குத்தான்" என்றாள். "கடலை போகாது. சோப்பு போடு."

போட்டான். மேடையையும் சோப்பால் துடைத்தான். இன்னும் பிரிக்காத ரொட்டிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தான். அவள் பின்பக்க எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, கடைசி வரி வரை உதடசைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிரிக்காத இன்னொரு சீஸ் பொட்டலத்தையும் அப்படியே.

"அம்மா முக்கோணமா வெட்டுவா."

"வேற கத்தி எதையும் இப்ப நம்ப முடியல."

அவள் யோசித்தாள். "சரி, வெட்டாமலே வை."

அலமாரியின் மேல்தட்டில் விலைச்சீட்டு கிழிக்காத டப்பா ஒன்று இருந்தது. அதைச் சோப்பால் கழுவித் துடைத்து, அதில் கட்டிக் கொடுத்தான்.

பள்ளி முன்பு வண்டியை நிறுத்தியபோது முதல் மணி அடித்து முடிந்திருந்தது. இங்கா இறங்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துத் திறந்தாள். ரொட்டியை முகர்ந்தாள். ஒரு மூலையைக் கடித்தாள்.

ஆர்லன் என்ஜினை அணைத்தான். மூச்சு அடைத்தால் போடும் ஊசி இருக்கும் சிறு பையை இருக்கைக்கு நடுவில் எடுத்து வைத்தான். கடிகாரத்தையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே குளிர் ஏறியது. அவள் மெதுவாக மென்றாள். இருபது நிமிடம் ஆனது. உதடு வீங்கவில்லை. மூச்சு சீராக இருந்தது.

பாதி தீர்ந்ததும் நிறுத்தினாள்.

"மீதி மத்தியானத்துக்கு" என்றாள்.

டப்பாவை மூடி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தாள்.