இரும்புச்சத்து மாத்திரை

உறிஞ்சி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. மலையுச்சியிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் அவர் சுவை பார்ப்பவர். வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளிலிருந்து கரண்டியால் எடுத்துப் பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சி, நாவில் ஒருகணம் உருட்டிப் பின் தொட்டியில் துப்பிவிடுவார். நாளொன்றுக்கு இருநூறு கோப்பை. ஒரு மிடறும் விழுங்கமாட்டார். பூண்டைத் தொடமாட்டார், மணமுள்ள சோப்பும் பூசமாட்டார். மாலையில் வீட்டில் மட்டும் மனைவியோடு அமர்ந்து ஒரு கோப்பையை முழுமையாகக் குடிப்பார்.

"உங்க சத்தத்துல ஜன்னலே ஆடுது. இங்கயாவது மனுஷன் மாதிரி குடிங்களேன்" என்பாள் அவள்.

அவள் உச்சிச் சரிவில் கொழுந்து பறிப்பவள். குளிரில் கொழுந்து மெல்ல வளர்வதால்தான் அதற்கு அத்தனை மணம் என்று அவர் பெருமை பேசுவார். சென்ற ஆண்டு அவள் முகம் வெளிறியது. நாலடி ஏறினால் மூச்சு வாங்கியது. மருந்தகத்துச் செவிலி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள்.

"இந்தக் குளிர்ல பச்சைத்தண்ணி எதுக்கு? நம்ம டீயே பாதி மருந்து" என்று சொல்லி, அவரே தேநீரைத் திடமாக வடித்து மாத்திரையோடு நீட்டினார். சாப்பாட்டுக்கும் அதுவே துணையாயிற்று. ஏழு மாதம் ஆகியும் இரத்தம் ஏறவில்லை. மழைக்காலத்தில் வந்த மார்புக் காய்ச்சலை அவ்வுடல் தாங்கவில்லை. நான்கே நாளில் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமையன்று, எஞ்சிய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க உறிஞ்சி மருந்தகம் சென்றார்.

"ஒழுங்கா சாப்பிட்டாங்களா ஐயா?" என்று செவிலி கேட்டாள்.

"ஒருவேளைகூட விடல. நானேதான் டீ போட்டு, அதோட கொடுப்பேன்."

செவிலி எழுதுவதை நிறுத்தினாள். "டீ உடம்புக்கு நல்லதுதான் ஐயா, இல்லைன்னு சொல்லல. ஆனா மாத்திரையோடயும் சாப்பாட்டோடயும் குடிச்சா, இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. ரெண்டு மணிநேரமாவது தள்ளிக் குடிக்கணும். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அதனாலதான் அவ…"

"அதனாலயேன்னு யாராலும் சொல்ல முடியாது. உடம்புல தெம்பு இருந்திருந்தா ஒருவேளை தாங்கியிருக்கலாம்."

அப்பொழுதுதான் அவருக்குக் கொழுந்தியாளின் நினைவு வந்தது. மனைவியின் தங்கையாகிய அவளுக்கு இது ஐந்தாம் மாதம். அவளும் இதே மாத்திரையை விழுங்குகிறாள். 'அக்காவுக்குக் கொடுத்த மாதிரியே மாத்திரையோட குடி' என்று சொல்லித் தேயிலைப் பொட்டலம் ஒன்றை அவளிடம் கொடுத்தவரும் அவரே.

விவரம் கேட்ட செவிலி மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வரேன். எல்லாருக்கும் பொதுவா சொல்லிடறேன். உங்க பேரு வெளிய வராது."

வழியெல்லாம் அவர் அதையே எண்ணினார். 'அத்தான் மாதிரி அக்காவைத் தாங்கினவங்க யாரு' என்று கொழுந்தியாள் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவந்தாள். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே அவர் இந்த இரண்டு மாதத்தையும் கடந்திருந்தார். உண்மை தெரிந்தால் அவள் முகத்தில் விழிக்கவும் இயலாது. வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன.

கொழுந்தியாள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் ஒரு கையில் மாத்திரையும் மறுகையில் ஆவி பறக்கும் கோப்பையுமாக நின்றிருந்தாள்.

"வாங்க அத்தான். சரியா டீ நேரத்துக்கு மூக்கு கூட்டிட்டு வந்துடுச்சா? உட்காருங்க, உங்களுக்கும் ஊத்தறேன். ஆனா உறிஞ்சக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரங்க தூங்கறாங்க."

அவர் உட்காரவில்லை.

"அந்த டீயைக் கீழ வைம்மா. மாத்திரையைத் தண்ணியோட போடு" என்றார். "போட்டுட்டு வந்து உட்காரு. உங்க அக்காவுக்கு நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டுப் போறேன்."