ஏழு பதிமூன்று வண்டி

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. கீரனூர் பேருந்து நிலையத்திலிருந்து காலை 7.13 திருச்சி வண்டியை அன்று வேறு டிரைவர் எடுத்தார்.

சிவரஞ்சனி தினமும் வேலைக்குப் போவது அந்த வண்டியில்தான். பதினேழு வருடமாக அதை ஓட்டிய நாகராசு டீக்கடையில் கைலியோடு நின்றிருந்தார். நேரத்துக்கு முன்பே எடுக்கிறார் என்று பஸ் முதலாளி உதயசூரியன் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். அதற்குச் சாட்சி, சிவரஞ்சனியே எழுதிக்கொடுத்த நேரப்பதிவு மென்பொருள். போன வாரம் ஆறு நாளும் வண்டி 7.12.24க்குப் புறப்பட்டதாக அது சொன்னது.

அவள் வண்டியில் ஏறாமல் நாகராசுவிடம் போனாள்.

"முன்னாடியே எடுத்தேன்னு வச்சுக்க தாயி. ஆறு நாளும் ஒரே செகண்டுக்கா எடுப்பேன்? அம்புட்டுச் சுத்தக்காரன்னா முதலாளி மாலையில்ல போட்டிருக்கணும்?"

கடையில் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தாள். எந்த வண்டியின் நேரத்தைப் பார்த்தாலும் இரண்டு நிமிடம் எட்டு வினாடிப் படிகளாகவே ஏறி இறங்கியது. நடுவில் ஒரு வினாடிகூட இல்லை.

டேட்டாபேஸில் அவள் நேரத்தை, கணினி வழக்கப்படி, 1970 முதல் ஓடிய வினாடிகளாகத்தான் சேமித்திருந்தாள். இப்போது அது நூற்று எழுபத்திரண்டு கோடி. அறிக்கை மெதுவாக வருகிறது என்று முதலாளி சலித்துக்கொண்டதால், போன மாதம் எட்டு பைட் தசம எண்ணை நான்கு பைட்டாகச் சுருக்கியிருந்தாள். அறிக்கை ஆறு வினாடியில் வந்தது, பாராட்டும் கிடைத்தது. அத்தனை பெரிய எண்ணின் வால், அதாவது கடைசி இலக்கங்கள், அந்தச் சின்ன இடத்தில் அடங்காது. 128 வினாடிக்கு, அதாவது இரண்டு நிமிடம் எட்டு வினாடிக்கு, ஒரு புள்ளிதான் இருக்கும்; எந்த நேரமும் கிட்டத்தில் உள்ள புள்ளியில் போய் உட்கார்ந்துவிடும். 7.13க்கு எடுத்த வண்டிக்குக் கிட்டத்துப் புள்ளி 7.12.24.

முதலாளிக்குப் போன் போட்டுத் தப்பு தன்னுடையது என்றாள். பழைய மாதிரி மாற்றினால் மறுபடி மெதுவாகிவிடுமே என்றார் அவர்.

"ஆகும் சார். ஆனா சரியா இருக்கும்."

வண்டியில் மாட்டிய கருவியில் அசல் நேரம் இருந்தது. எண்ணைப் பழையபடி எட்டு பைட்டாக்கி, அதை நெட் வழியாக எடுத்து மறுபடி ஏற்றினாள். 7.13.02, 7.13.11, 7.13.05, 7.13.19, 7.13.08, 7.13.03.

"பதிமூணுக்கு முன்னாடி ஒண்ணாச்சும் இருக்கா?" என்று கேட்டார் நாகராசு.

"ஒண்ணுகூட இல்லண்ணே."

"அதைச் சத்தமாச் சொல்லு. அங்கிட்டு டைம்கீப்பருக்குக் கேக்கட்டும்."

அவள் எழுந்து நின்று ஆறு நேரத்தையும் வாசித்தாள். வண்டிகள் கிளம்பும் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் தன் கூண்டை விட்டு வெளியே வந்து கேட்டார். நாகராசு கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் வண்டியை எடுத்தது 7.13.06க்கு. அறிக்கை வர இப்போது முப்பத்தொரு வினாடி ஆகிறது.