குடும்ப உறுப்பினர்கள்: மூன்று

ஒரு மனிதனை உண்டாக்கப் பத்து மாதம் ஆகும் என்பது பொதுவான கருத்து. ஏழாம் எண் வீட்டுக் கூட்டல் சார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நீல மைப் பேனாவால், முக்கால் நொடியில் ஒருவரை உண்டாக்கினார். அதுவும் வளர்ந்த ஆளாக, செருப்போடு. இதை எழுதுகிறவனுக்குக் கூட்டல் சாரை அறுபத்துமூன்று வருடங்களாகத் தெரியும். அவர் குளிக்கும்போதுகூடப் பக்கத்தில் இருந்தவன். ஆகையால் கீழே வரும் வசவுகளை யாரும் அவதூறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் நான்காவது ஜன்னலில் அவர் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தார். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். பிறகு சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்க்க வேண்டும். வீட்டில் தலை கூடக் கூட வருமான வரம்பும் கூடும். வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அட்டை உண்டு, மேலே இருப்பவருக்கு வணக்கம் உண்டு. ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். எத்தனை பேர் என்று கேட்டால் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று விரல்விட்டு எண்ணுவார்கள், தங்களை மட்டும் விட்டுவிடுவார்கள். "ஏன்யா, நீ அந்த வீட்டுல இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒன்றைக் கூட்டி எழுதும் பழக்கம் அவர் கைக்கு வந்துவிட்டது. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். இதனால் பல குடும்பங்கள் பிழைத்தன என்று அவர் மார்தட்டிக்கொள்வார். ஒழுங்காக எண்ணிச் சொன்னவர்கள் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் அவர் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு மூட மறந்தது. மனைவியைத் தெருவே தையலம்மா என்று கூப்பிடும். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தெருவுக்கே சட்டை தைத்தவர், இப்போது ஒரு கை தைப்பதற்குள் இரண்டு முறை சுவரில் சாய்ந்துகொண்டார். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், பிறகு செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். கையிலிருந்து கட்டுவதென்றால் வீட்டை விற்றாலும் வால்வில் பாதிதான் வரும். கூட்டல் சார் தன் ஓய்வூதியத்தை அட்டவணையோடு ஒப்பிட்டார். இருவர் உள்ள குடும்பத்துக்கான வரம்பை அது இரண்டு டீ விலையளவு தாண்டியிருந்தது. எத்தனையோ பேரிடம் "நான் என்ன பண்றது, கோடு அப்படி இருக்கு" என்று சொல்லி அனுப்பிய அதே கோடு. நிராகரிப்புக் கடிதம் கையில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும் என்பதால், நிராகரிக்கப்படுவதற்காகவே விண்ணப்பம் போட்டார். உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு வந்தபோது மனைவி, தான், ஆக இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். கை பழக்கப்படி ஒன்றைக் கூட்டியது. மூவருக்கான வரம்பில் அவர் தாராளமாக உள்ளே இருந்தார். வீட்டுக்கு வந்து தலை எண்ணிச் சரிபார்த்தபின் அட்டை வழங்கப்படும் என்று நான்காம் நாள் பதில் வந்தது.

விண்ணப்பம் கொடுத்த அன்று மாலையே வாசலில் ஒன்பதாம் எண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. மறுநாள் கொடியில் மூன்றாவதாக ஓர் ஈரத்துண்டு தொங்கியது. சாப்பாடு மூன்று பேருக்குத் தீர்ந்தது, காலையில் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது, செய்தித்தாள் கூட்டல் சார் எடுப்பதற்கு முன்பே மடிப்புக் கலைந்திருந்தது. ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. தையலம்மா இதில் எதையும் நம்பவில்லை.

"வயசான காலத்துல ரெண்டு ஆள் சாப்பாட்டைத் தின்னுட்டு, யாரோ வந்துட்டாங்கன்னு கதை விடுறீங்களா?"

"அந்தச் செருப்பு?"

"உங்க கால்ல போட்டுப் பாருங்க. சந்தையில மாத்திப் போட்டுட்டு வந்திருப்பீங்க. கல்யாணத்தன்னைக்கே அடுத்தவர் செருப்புல வந்த ஆளு நீங்க."

அது உண்மைதான். பொய் எண் எழுதிக் கிடைக்கிற வால்வு தனக்கு வேண்டாம், திருத்திவிட்டு வாருங்கள் என்று தையலம்மா பிடிவாதமாகச் சொன்னார். அவர் போனார். நான்காவது ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் திருத்தப் படிவம் கொடுத்தாள். அதில் இரண்டு என்று எழுதினார். மை காய்ந்ததும் மூன்று என்றிருந்தது. இன்னொரு படிவம் கேட்டார், அதுவும் காய்ந்து மூன்றானது. ஐந்தாவது படிவத்தையும் பார்த்துவிட்டு அந்தப் பெண், "சார், மூணுன்னு இருக்கறதை மூணுன்னு மாத்த எதுக்கு சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்க" என்று பரிவோடு சொன்னாள். முப்பத்தொரு வருடம் அந்த ஜன்னலில் அவர் யாரிடமும் அவ்வளவு பரிவாகப் பேசியதில்லை.

அடுத்த வாரம் வேறொரு பூதம் கிளம்பியது. செருப்பு காலை ஒன்பது மணிக்குக் காணாமல் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பியது. மூன்று நாள் இப்படி நடந்ததும் கூட்டல் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்தவருக்கு வேலை கிடைத்துவிட்டது! அவர் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்ந்தால் மூவருக்கான வரம்பும் போயிற்று. சாயங்காலம் காலி வாசலைப் பார்த்துக் கைகூப்பி, "ஐயா, உங்க உழைப்புக்கு ஒரு கும்பிடு. ரெண்டு மாசம் மட்டும் சும்மா இருங்க. அரசாங்கத்துல முப்பத்தொரு வருஷம் நான் இருந்த மாதிரி இருந்தா போதும்" என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். மறுநாள் செருப்பு நகரவில்லை.

மூன்று மாதத்தில் ஒன்பது நாள் மீதி இருக்கும்போது சரிபார்ப்பவர் வந்தார். தோல் பையும் குடையுமாக, ஒல்லியான மனிதர். துண்டுகளை எண்ணினார், தட்டுகளை எண்ணினார், படுக்கைகளை எண்ணினார். எல்லாம் மும்மூன்றாக இருந்தன. மூன்றாமவர் எங்கே என்று கேட்டார். சாப்பாட்டு மேசையின் காலி நாற்காலியைக் கூட்டல் சார் காட்டினார். சரிபார்ப்பவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று பேர் என்பதற்கு வீட்டம்மா கையெழுத்துப் போட்டால் தனக்கு ஆட்சேபமில்லை என்றார். இரண்டு பேர் என்று சொன்னால் கோப்பை இன்றே மூடிவிடுவதாகவும் சொன்னார்.

தையலம்மா பேனாவை வாங்கவில்லை.

"ரெண்டு பேர்தாங்க. இவருக்கு என்மேல இருக்கற பாசத்துல புத்தி பிசகிடுச்சு."

"ஏம்மா, உன் உசிரும்மா..." என்றார் கூட்டல் சார். மேற்கொண்டு அவருக்கு ஒன்றும் கூட்டத் தெரியவில்லை.

"என் உசிருதான், அதான் நான் சொல்றேன். இங்க பாருங்க சார், வெறும் காத்து." கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிக்கொண்டு, மூச்சு வாங்க நாற்காலிக்குப் பின்னால் போய், தோள் அளவு எடுப்பதுபோல் வெற்றிடத்தில் அதை நீட்டினார். நாடா தொய்ந்து விழவில்லை. ஏதோ ஒன்றின்மேல் படிந்து நின்றது. அவர் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே இடத்தில் நின்றது. விரலால் நாடாவின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பார்த்தார். தைக்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை அளந்துவிட்டால் அப்புறம் அதை மறுக்கமாட்டார்கள். அறையில் மூன்று ஆண்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

தையலம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார்.

"மூணு பேருன்னே எழுதிக்குங்க சார். இருக்காரு. தோள் பதினேழரை அங்குலம், இடது பக்கம் கொஞ்சம் இறக்கம்."