நூற்று முப்பது கிராம்

தம்பி தன் மூன்று வெட்ஜ் மட்டைகளையும் மேசையில் போட்டான். வைக்கவில்லை, போட்டான். ஒன்று உருண்டு விளிம்புக்கு வந்தது. அக்கா பிடித்து நிறுத்தினாள்.

"ஷாஃப்ட் மாத்தணும், தராசு. அதே எடை, அதே விறைப்பு. புதுசா இருந்தா போதும்."

தராசு என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். விளையாட்டுப் பொருள் கடையின் பின்னறையில் கோல்ஃப் மட்டைகளை ஆளுக்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. மட்டையின் தலையைச் சூடாக்கிக் கழற்றுவாள். ஷாஃப்ட் என்கிற அந்த உருக்குக் குழாயை அளந்து வெட்டி, எடை போட்டு, பசை வைத்துப் பொருத்துவாள். அவன் கோல்ஃப் ஆடிப் பிழைப்பவன். அடுத்த மாதம் தகுதிப் போட்டி.

"இருக்கிறதுக்கு என்ன வந்தது?"

"பழசாயிடுச்சு. பந்து எங்கேயோ போகுது."

உருக்கு அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. அவள் அதைச் சொல்லவில்லை. "வலையில கொஞ்சம் அடிச்சுக் காட்டு" என்றாள்.

குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டுபோய் உட்கார வைக்கிற மட்டை வெட்ஜ். கையில் வலு உள்ளவர்கள் கனமான ஷாஃப்ட் போட்டுக்கொள்வார்கள், கை அவசரப்படாது. வலு குறைந்தால் அதே கனம் கையைப் பின்னால் இழுக்கும். அவன் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து நூற்று முப்பது கிராம்தான்.

அவன் அடித்தான். வலை இல்லாவிட்டால் பந்து எங்கே போய் விழுந்திருக்கும் என்பதைப் பக்கத்துக் கணினித் திரை காட்டியது. குட்டையாக, வலப்பக்கம். மறுபடியும் அங்கேயே. வலது கையை விரித்து மூடி விரித்தான்.

"கைக்கு என்ன?"

"தூங்கும்போது அமுங்கிடுச்சு."

"தினமும் அமுங்குதா?"

"நீ கடையப் பாரு. டாக்டர் வேலை பாக்காதே."

"தொண்ணூத்தஞ்சு கிராம்ல ஒரு செட் இருக்கு. சும்மா ஒரு தடவை..."

"அதெல்லாம் ரிட்டயர் ஆன மாமாக்களுக்கு. வயித்தைத் தாண்டிப் பந்தைப் பாக்கிறவங்களுக்கு."

அவன் போன பிறகு அவள் தொண்ணூற்றைந்து கிராம் ஷாஃப்டுகளையே வெட்டினாள். தலை லேசாகத் தெரியாமலிருக்க நுனிக்குள் சிறு ஈயத்துண்டு வைத்தாள். பார்வைக்கு எல்லா உருக்குக் குழாயும் ஒன்றுதான்; எடையைச் சொல்வது மேலே இருக்கும் லேபிள். நூற்று முப்பதின் லேபிளைச் சூடு காட்டி உரித்து இவற்றின்மேல் ஒட்டினாள்.

ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஐந்து கிராம் கூடினாலே கண்டுபிடித்துவிடுகிற கை அவனுடையது. இரண்டு அடியில் பிடித்துவிடுவான், கத்துவான். அப்போது திரையைக் காட்டி, "பந்து எங்கே போயிருக்குன்னு பாரு" என்று வாயை அடைத்துவிடலாம். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

அவன் வந்தான். லேபிளைப் பார்த்தான். அடித்தான். பந்துகள் ஒரே இடத்தில் கூடின.

"பாத்தியா? என் எடை இதுதான். என்னமோ தொண்ணூத்தஞ்சுன்னே."

அவள் காத்திருந்தாள். அவன் இன்னொரு கூடைப் பந்தை அடித்து முடித்தான். எடை குறைந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. அவன் இப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. போட்டி முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் தம்பி மனைவி கடைக்கு வந்தாள். கையில் கேக் பெட்டி.

"எல்லாம் உங்க புண்ணியம் அண்ணி. அவருக்குக் கை திரும்பிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டார்."

"என்ன ஆபரேஷன்?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "கழுத்துல எலும்பு நரம்பை அழுத்துதாம். தள்ளிப் போட்டா கை போயிடும்னார் டாக்டர். ஆபரேஷனுக்கு நேத்துதான் தேதி. இவர் கேக்கல. பழைய எடையில அடிக்க முடியுதான்னு பாக்கறேன், முடிஞ்சா டாக்டர் சொல்றது பொய்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார் அண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சா பயந்துபோய்க் கனத்தைக் குறைச்சிடுவீங்களாம்."

அக்கா கடையைப் பூட்டினாள். நூற்று முப்பதில் ஒன்று, தொண்ணூற்றைந்தில் ஒன்று என இரண்டு வெற்றுக் குழாய்களை எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போனாள். தம்பி மனைவியும் கூடவே வந்தாள்.

அவன் நிழற்கூரைக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்தான். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். லேபிளைப் பற்றி, ஈயத்தைப் பற்றி.

"போடி. எனக்குத் தெரியாதா?"

"கண்ணை மூடு."

அவன் சிரித்துக்கொண்டே மூடினான். வலது கையில் ஒரு குழாயைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தாள்.

"எது கனம்?"

"ஏமாத்தறே. ஒண்ணையே ரெண்டு தடவை குடுத்தே."

அவன் கண்ணைத் திறந்தான். குழாய்களைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி கண்ணை மூடி இடது கையை நீட்டினான்.

முதல் குழாய். இரண்டாவது குழாய். இடது கை உடனே கீழே தணிந்தது.

"இது" என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

பக்கத்தில் யாரோ பந்து அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு கூரையின் மறுகோடிக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். இவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. தலை மட்டும் அசைந்தது. நிறைய நேரம் அசைந்தது.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். இனிமே ரெண்டு மாசம் கழிச்சுத்தான். வேற ஊர்லயும் கேட்டுப் பாக்கச் சொன்னாங்க."

"கேப்போம். இப்பவே கேப்போம்" என்றாள் மனைவி.

"இருக்கிறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷனாம். போனது திரும்புமான்னு சொல்ல முடியாதாம். அதுவரைக்கும் மட்டையத் தொடக் கூடாது."

அக்கா, "நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா. சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். கத்துவான் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அவன் குனிந்து, சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போடத் தொடங்கினான். பழக்கத்தில் வலது கைதான் போனது. ஒரு பந்தை எடுத்தான், நழுவியது. மறுபடி எடுத்தான். மனைவி உதவக் குனிந்தாள்.

"விடு" என்றான்.

இருவரும் நின்றார்கள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.