பூஜ்ஜியம் ஆம்பியர்

பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் குடியிருப்பில் பத்து நாளாகப் பகலில் தண்ணீர் நின்று போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது பொது லைனின் எம்.சி.பி. சுவிட்ச் பட்டென்று விழுந்து கரண்டை நிறுத்திவிடும். குற்றவாளியும் ரெடியாக இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடும் எல்லம்மா. அவள் பெட்டிக்கும் பொது லைனில்தான் கரண்ட்.

சங்கச் செயலாளர் ஜெயசீலி மேடம் சனிக்கிழமை காலையிலேயே எலெக்ட்ரீஷியன் அயூப்பை வரவழைத்துவிட்டார். "இந்த பிளக் பாயிண்டக் கழட்டிடுங்க. பழையபடி கரிப்பெட்டியே வெச்சுக்கட்டும்."

எல்லம்மா குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் பேச்சில் நுழைந்தால் இருக்கிற இடமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம்தான் கரிப்புகையில் இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள்.

முதல் மாடி சத்யநாராயணனுக்கு மனம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறவர். நெற்றியில் விபூதி காய்வதற்குள் இறங்கி வந்துவிட்டார்.

"மேடம், அளக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது. வோல்டேஜும் கரண்டும் தெரிஞ்சா போதும். வகுத்தா ரெசிஸ்டன்ஸ், பெருக்கினா பவர். அஞ்சு நிமிஷ வேலை. அயூப், அந்த மீட்டரக் குடுங்க, நானே பாக்கறேன்."

"நீங்களா சார்?" என்றார் அயூப். அந்த 'நீங்களா'வில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மீட்டர் அது. பிளக்கில் வோல்டேஜ் இருநூற்று இருபத்தைந்து. சத்யநாராயணன் அதைக் கணீரென்று அறிவித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைக் கொடுக்குக்குள் விட்டு மூடினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டரில் பூஜ்ஜியம் வந்தது.

தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். அப்போதும் பூஜ்ஜியம்.

"எவ்ளோ சார்?" என்றார் ஜெயசீலி மேடம்.

"வந்து... ஜீரோ ஆம்பியர்."

"அப்ப பவரும் ஜீரோவா? கரண்ட் பில்லு எங்கேர்ந்து வருது?"

எல்லம்மாவுக்கு அதுவரை கட்டி வைத்திருந்த வாய் அவிழ்ந்துவிட்டது. "இன்னா சார், கரண்டே போவலன்ற. அப்ப என் கையி இன்னாத்துக்கு சுடுது?"

வகுத்துப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் அளவில்லாமல் போகும். அளவில்லாத ரெசிஸ்டன்ஸ் உள்ள பெட்டியில் சட்டை மடிப்பு நிமிர்வது ஆண்டவன் அருளால்தான் இருக்க வேண்டும். சத்யநாராயணனின் காது மடல் சிவந்தது.

அயூப்புக்கு ஒரு பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நல்ல மனசுக்காரர். நாலு பேர் எதிரில் ஒரு வாத்தியாரைத் தலைகுனிய வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"பழைய மீட்டர் சார். அப்பப்ப மக்கர் பண்ணும். விடுங்க."

சத்யநாராயணனுக்கு அப்பாடா என்றிருந்தது. அது ஒரு மூச்சு நேரம்தான்.

"மீட்டரே சரியில்லன்னா அளந்து என்ன பிரயோஜனம்? பாயிண்டக் கழட்டுங்க," என்றார் ஜெயசீலி மேடம். எல்லம்மா, பாதி தேய்த்த சட்டையை மெதுவாக மடிக்கத் தொடங்கினாள்.

அயூப் கொடுத்த மானத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் மாடியேறிவிடலாம். சத்யநாராயணன் ஒரு படி ஏறவும் செய்தார். காலையில் கும்பிட்ட சாமி காலைப் பிடித்து இழுத்ததோ என்னவோ, திரும்பி நின்றார்.

"மேடம், மீட்டர் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. ஒயருக்குள்ள ரெண்டு கம்பி. ஒண்ணுல போற கரண்ட் இன்னொண்ணுல திரும்பி வருது. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், ஜீரோதான் காட்டும். ஒத்தைக் கம்பியத்தான் பிடிக்கணும். பசங்களுக்குப் போர்டுல போட்டுக் காட்டறேன், கைக்கு மறந்துபோச்சு."

"அய்யய்ய! வாத்தியாரே ஃபெயிலா?" என்றாள் எல்லம்மா, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"ஆமாம்மா, அரியர்."

ஜெயசீலி மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அயூப் பையிலிருந்து கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்திருந்த ஒரு துண்டு ஒயரை எடுத்துப் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டினார். "இப்பப் பிடிங்க சார். நீங்களே பிடிங்க."

நாலரை ஆம்பியர். ரெசிஸ்டன்ஸ் ஐம்பது ஓம், பவர் ஆயிரத்துப் பன்னிரண்டு வாட். போர்டில் மோட்டாரின் கம்பியைப் பிடித்தால் ஆறரை. இரண்டும் சேர்ந்து பதினொன்று.

"எம்.சி.பி. பதினாறு தாங்கணுமே," என்றார் சத்யநாராயணன். "பதினொண்ணுல ஏன் விழுது?"

அயூப் எம்.சி.பி.யின் மேல் விரலை வைத்துச் சட்டென்று எடுத்தார். "நெருப்பாக் கீது சார்!" மெயினை அணைத்து மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு ஸ்குரு தளர்ந்து கம்பியின் முனை கருகியிருந்தது. தளர்ந்த இடம் சூடாகி, அந்தச் சூட்டிலேயே எம்.சி.பி. விழுந்துகொண்டிருந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கருகிய முனையை வெட்டி, புது எம்.சி.பி. போட்டு ஸ்குருவை இறுக்கினார். மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தே ஓடின. ஒரு மணி நேரமாகியும் எதுவும் விழவில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிந்தது.

ஜெயசீலி மேடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. எல்லம்மாவின் நெற்றி வியர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அயூப், பாயிண்ட் இருக்கட்டும். இந்த இடத்துல ஒரு ஃபேனும் மாட்டிடுங்க."

"ஃபேன்னா எழுபத்தஞ்சு வாட் மேடம்," சத்யநாராயணன் ஆவலாக முன்னே வந்தார். "அதுக்குக் கரண்ட் எவ்ளோ வரும்னா..."

"சார்," என்றார் அயூப், மீட்டரை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "நீங்க வாயால சொல்லுங்க. பிடிக்கிறத நான் பிடிச்சிக்கிறேன்."